நோகிற கைக்கும் வேலை வேண்டும்

(நூற்றாண்டு விழாவையொட்டிக் கல்லூரிப் பிரார்த்தனை மண்டபத்தில் வாசிக்கப்பட்ட உரை)



மேடையில் ஒருவர் நின்று வாசித்தாலும் இந்த உரையை எழுதியவர்கள் நால்வர். எண்பதுகளின் நடுப்பகுதியில் உயர்தர உயிரியல் வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாங்கள். இருவர் இயன்மருத்துவர்கள், அதாவது பிசியோதெரபிஸ்ற். ஒருத்தி வடக்கின் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வேலை செய்து இளைப்பாறியவள். மற்றவள் இலண்டனில் இன்னமும் வேலை செய்பவள். மற்ற இருவரும் நோயாளிகள். ஒருத்தி ஊரிலே ஆசிரியையாக இருந்தவள். அவளை நாங்களும் இப்போது ‘ரீச்சர்’ என்றுதான் கூப்பிடுகிறோம். மற்றவள் ரொறன்ரோவில் கணக்காளர். ‘அவர்’ என்று எழுதத் தொடங்கினால் எங்களுக்குள் சிரிப்பு வந்து உரை முடியாது. ஆகவே அவள் என்றே எழுதியிருக்கிறோம். பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

விழாக் குழுவினர் எங்களுக்குத் தந்த தலைப்பு ‘பெண்களும் ஆரோக்கியமும்’. அது ஒரு கடல். நாங்கள் கிணற்றளவு ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டோம்: அழற்சியால் வருகிற மூட்டுவாத நோய்களும், அவற்றுக்கு உடற்பயிற்சியால் செய்யக்கூடிய சிகிச்சையும். இதை எடுத்ததற்குக் காரணம், இதிலே நாங்கள் ஒரு பிழை விட்டிருக்கிறோம். அதைச் சொல்வதற்கு இந்த மண்டபத்தை விட நல்ல இடம் எங்களுக்குக் கிடைக்காது.

எங்கள் ஊரில் ‘வாதம்’ என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டு மூடிவிடுவோம். அறுபது வயதில் படியேறும்போது முழங்கால் நோவதும் வாதம், முப்பது வயதில் இரண்டு கை விரல்களும் வீங்கிச் சூடாக இருப்பதும் வாதம். இவை ஒன்றல்ல. முதலாவது பெரும்பாலும் தேய்மானம். இரண்டாவதில் உடம்பின் நோயெதிர்ப்புச் சக்தி ஆளை அடையாளம் தெரியாமல் தன்னுடைய மூட்டையே தாக்குகிறது. இதில் அதிகம் காணப்படுவதை வைத்தியர்கள் ருமற்றொயிட் ஆத்திரைற்றிஸ் என்பார்கள். தமிழில் முடக்குவாதம் என்று எழுதுகிறார்கள். உலகெங்கும் நூறு பேருக்கு ஒருவர் அல்லது அதற்குச் சற்றுக் குறைவானோருக்கு இது வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

வித்தியாசத்தை வீட்டிலேயே ஓரளவு பிடிக்கலாம். தேய்மானக்காரருக்குக் காலையில் எழும்பியதும் இருக்கும் விறைப்பு அரை மணித்தியாலத்துக்குள் விட்டுவிடும். நோ கூடுவது வேலை செய்யச் செய்ய. அழற்சிக்காரருக்குக் காலை விறைப்பு ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் நிற்கும். தேத்தண்ணீர்ப் பேணியைப் பிடிக்க ஏலாது, சீப்பைப் பிடிக்க ஏலாது. பத்து மணிக்குப் பிறகு ஆள் கொஞ்சம் இளகுவார். அதனால்தான் வீட்டிலே ‘காலமை வேலைக்குத்தான் இவளுக்கு வருத்தம்’ என்ற பேச்சும் வரும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மூட்டுகள் வீங்கியிருந்தால், ஆறு கிழமைக்கு மேல் அப்படியே நின்றால், எண்ணெய் பூசிக்கொண்டு இருக்காமல் வாதநோய் நிபுணர் ஒருவரைப் பார்க்க வேண்டும்.

இனி எங்கள் ரீச்சரின் கதை. அவளுடைய சம்மதத்தோடு, அவள் திருத்திய பிரதியிலிருந்தே சொல்கிறோம்.

2006 ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் குடாநாட்டில் சிக்குன்குனியா பரவியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஏ9 வீதி மூடியிருந்த காலம். வீட்டுக்கு வீடு காய்ச்சல்; காய்ச்சல் விட்ட பிறகும் மாதக்கணக்கில் மூட்டு நோ. ரீச்சருக்கும் காய்ச்சல் வந்தது. அயலவர்களுடைய கை கால் மெல்ல மெல்லச் சரிவர, அவளுடைய விரல் மொழிகள் மட்டும் வீங்கியபடியே இருந்தன. ‘சிக்குன்குனியா வாதம், போய்விடும்’ என்றார்கள். ஊரே நொண்டிக்கொண்டு திரிகிறபோது ஒருத்தியின் நோவை யார் தனியாகப் பார்ப்பார்கள்? இதில் யாரையும் குறை சொல்ல அவள் விரும்பவில்லை. சிக்குன்குனியாவுக்குப் பிறகு வருகிற மூட்டுவாதம் முடக்குவாதத்தைப் போலவே இருப்பதுண்டு, சிலருக்கு வருடக்கணக்கில் நீடிப்பதும் உண்டு என்பது உண்மை.

அந்த நாட்களில் அவள் வந்து கையைக் காட்டியது எங்களில் ஆஸ்பத்திரியில் இருந்தவளிடம். அவள் பார்த்தாள். வெந்நீர் ஒத்தடம் சொன்னாள். பிறகு, “கையை ஆறவிடடி, ஒன்றும் தூக்காதே” என்றாள்.

அதுதான் அந்தப் பிழை. சொன்னது ஒருத்தியானாலும், இலண்டனில் இருந்தவளிடம் கேட்டிருந்தாலும் அந்த வருடத்தில் அவளும் அநேகமாக அதையேதான் சொல்லியிருப்பாள் என்று அவளே ஒத்துக்கொள்கிறாள்.

‘ஆறவிடு’ என்ற சொல்லை வீடு முழுவதும் பிடித்துக்கொண்டது. அன்பால் பிடித்துக்கொண்டது. திருவலையை மகள் எடுத்துக்கொண்டாள். கிணற்று வாளியைக் கணவர் எடுத்துக்கொண்டார். தலைவாருவது தங்கச்சி. பாடசாலையில் பிள்ளைகள் ஓடி வந்து கரும்பலகை அழித்தார்கள், பிறகு எழுதியும் கொடுத்தார்கள். மூன்று வருடத்தில் அந்தக் கைகள் செய்த வேலை, சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தது மட்டுமே.

2009 இல் பாதை திறந்த பிறகு கொழும்புக்குப் போய் இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் செய்து நோயின் பெயரைக் கண்டுபிடித்தார்கள். மெதொட்ரெக்சேற் என்ற குளிசை தொடங்கியது. அடுத்த வருட முடிவுக்குள் வீக்கம் வற்றிவிட்டது. இரத்தப் பரிசோதனை திருப்தி. வைத்தியரும் திருப்தி. ஆனால் கை மட்டும் திரும்பி வரவில்லை. வெண்கட்டியைப் பிடித்தால் நழுவி விழுந்தது. விரல்கள் முழுதாக மடியவில்லை, முழுதாக விரியவுமில்லை. மணிக்கட்டுக்கு மேலே இருந்த தசை கயிறு போல ஒடுங்கிவிட்டது. “மருந்து வேலை செய்யுது, கை வேலை செய்யுதில்லை” என்று அவள் சொன்னதை இன்றைக்கும் எங்களால் மறக்க முடியவில்லை.

இது ஏன் நடந்தது என்பதை உயிரியல் வகுப்பு ஞாபகத்தோடு சொல்கிறோம். மூட்டின் உட்பக்கத்தில் மெல்லிய ஓர் உறை இருக்கிறது. அது முட்டையின் வெண்கரு போன்ற வழுவழுப்பான நீரைச் சுரக்கிறது. எலும்பு முனையில் இருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அசையும்போது அமுங்கியும் விரிந்தும் அந்த நீரிலிருந்துதான் அது தன் போசாக்கை எடுக்கிறது. அசையாத மூட்டு பட்டினி கிடக்கிற மூட்டு. போதாக்குறைக்கு, அழற்சி தானாகவே தசையைக் கரைக்கிறது; ஸ்ரெரொயிட் குளிசையும் தசையைக் கரைக்கும், எலும்பையும் மெலியவைக்கும். இந்த மூன்றோடும் நாங்கள் ‘ஓய்வு’ என்ற நாலாவதையும் சேர்த்துக் கொடுத்தோம்.

நாங்கள் படித்த காலத்தில் ஓய்வுதான் பாடம். அதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்த நோயாளிகளை மாதக்கணக்கில் கட்டிலில் படுக்கவைத்து, மூட்டுகளுக்கு மட்டை கட்டி வைத்திருந்தார்கள். அன்றைக்கு நோயை அடக்க மருந்து இல்லை. வீங்கிய மூட்டை அசைத்தால் அரைபட்டுப் போகும் என்ற பயம் நியாயமானதுதான். 1948 இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹெஞ்ச் என்ற வைத்தியர், படுக்கையோடு கிடந்த 29 வயதுப் பெண்ணொருவருக்குக் கோர்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அந்தப் பெண் எழும்பி நடந்து கடைக்குப் போனார். 1950 இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. பிறகுதான் அந்த மருந்தின் மற்றப் பக்கம் தெரிந்தது. எண்பதுகளில் மெதொட்ரெக்சேற் வழக்கத்துக்கு வந்தது. தொண்ணூறுகளில் உயிரியல் ஊசிமருந்துகள் வந்தன. நோயை அடக்க வழி பிறந்தது. ஓய்வு என்ற பாடம் மட்டும் புத்தகத்தை விட்டுப் போக மறுத்தது.

அந்தப் பாடத்தை அசைத்தது ஒல்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு. முடக்குவாதம் உள்ள சுமார் 300 பேரைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு இரண்டு வருடம், கிழமைக்கு இரண்டு தரம், ஒவ்வொரு தரமும் 75 நிமிடம் நல்ல கடுமையான பயிற்சி கொடுத்தார்கள்: சைக்கிள் மிதித்தல், பலப் பயிற்சி, கடைசியில் பந்து விளையாட்டு. 2003 இல் முடிவு வெளியானது. பயிற்சி செய்தவர்களுக்கு அன்றாட வேலை செய்யும் வலு கூடியது, மனச்சோர்வு குறைந்தது, கை கால்களின் சிறு மூட்டுகள் அதனால் கூடுதலாகப் பழுதாகவில்லை. ஏற்கெனவே தோள், முழங்கால் போன்ற பெரிய மூட்டு மோசமாகப் பழுதானவர்கள் மட்டும் அவதானமாக இருக்க வேண்டும் என்பதும் அதில் தெரிந்தது. 2003! நாங்கள் ரீச்சருக்கு ‘ஆறவிடு’ என்று சொன்னதற்கு மூன்று வருடங்களுக்கு முன்பு. அந்தத் தாள் எங்கள் வாட்டுக்கு வந்து சேரவில்லை. அந்த வருடங்களில் வராத சாமான்களின் பட்டியல் நீளமானது; அதில் இதுவும் ஒன்று.

பிறகு 2015 இல் கைகளுக்கு என்றே பிரித்தானியாவில் நடந்த ஆய்வு லான்செற் சஞ்சிகையில் வந்தது. 490 நோயாளிகள். கைக்கான 7 அசைவுப் பயிற்சிகளும் 4 பலப் பயிற்சிகளும் பழக்கி, வீட்டில் தினமும் செய்யச் சொன்னார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களின் கை நன்றாக வேலை செய்தது. இலண்டன் தோழி ஊருக்கு வந்தபோது அந்தப் பயிற்சிகளைக் கொண்டுவந்தாள். ரீச்சருடைய விறாந்தையில் நால்வரும் கூடினோம். ரொறன்ரோக்காரி கைத்தொலைபேசித் திரையில்.

அதில் ஒன்றை இப்போது இந்த மண்டபத்தில் எல்லோரும் செய்து பார்ப்போம். கைப்பையைக் கீழே வையுங்கள். வலது உள்ளங்கையை மடியிலே தட்டையாக வையுங்கள். முதலில் சுட்டுவிரலைத் தூக்கிப் பெருவிரல் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி வையுங்கள். பிறகு நடுவிரல், அடுத்தது மோதிர விரல், கடைசியாகச் சுண்டுவிரல். விரல்கள் பெருவிரலை நோக்கி நடக்கின்றன. இந்த நோயில் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாயப் பார்க்கும். அதற்கு எதிர்த்திசையில் நடப்பதுதான் இந்தப் பயிற்சி. சிரிக்கிறீர்கள். சுகமான கைக்கு இது விளையாட்டு. ரீச்சருக்கு நாலு விரலும் நடந்து முடிய அன்றைக்கு ஐந்து நிமிடம் எடுத்தது. முடிந்ததும் நெற்றியில் வியர்வை.

பலப் பயிற்சிக்கு இலண்டனில் ஒருவகைக் களிமண் போன்ற சாமான் கொடுப்பார்கள். இங்கே நாங்கள் குழைத்த கோதுமை மாவைக் கொடுத்தோம். பிடித்து அமத்துவது, நுள்ளுவது, இரண்டு விரலுக்கிடையில் வைத்து நெரிப்பது. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். மெல்ல மெல்ல மா இறுக்கமாகும். காலையில் வெதுவெதுப்பான தண்ணீருக்குள் கையை வைத்திருந்து, விறைப்பு இளகிய பிறகுதான் தொடங்குவது. ஆஸ்பத்திரியில் மெழுகு ஒத்தடம் கொடுப்பதும் இதற்காகத்தான். மெழுகு தானாக நோயை மாற்றாது, பயிற்சிக்குக் கதவைத் திறந்துவிடும்.

ரீச்சர் தானாகச் சேர்த்த ஒன்று இருக்கிறது. ஆறாம் மாதத்தில் பேத்தியோடு கொக்கான் வெட்டத் தொடங்கினாள். கல்லை எறிந்து, கீழே கிடப்பதைக் கூட்டி அள்ளி, விழுவதை ஏந்துவது. விரலுக்கும் கண்ணுக்கும் மணிக்கட்டுக்கும் இதைவிட நல்ல பயிற்சி எங்கள் பாடப் புத்தகத்தில் இல்லை. பிரெஞ்சு ஓவியர் ரெனுவாருக்கும் இதே நோய். அவரும் கை இறுகிப் போகாமல் இருக்கச் சிறு பந்துகளை எறிந்து பிடித்துப் பழகினாராம். ரீச்சருக்கு அவரைத் தெரியாது, கொக்கான் தெரியும். எட்டு மாதத்தில் அவள் வெண்கட்டியால் தன் பெயரை எழுதினாள். எழுத்து முந்திய மாதிரி இல்லை. இரண்டு விரல்கள் நிரந்தரமாகவே சாய்ந்துவிட்டன. அந்த மூன்று வருடம் எடுத்துக்கொண்டதை யாராலும் முழுதாகத் திருப்பித் தர முடியாது. அதையும் சேர்த்தே சொல்லச் சொன்னாள்.

குசினி விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் கேள்வி எல்லாம் அங்கேதான் வருகிறது. ‘இடியப்பம் பிழியலாமா?’ பிழியலாம். முப்பது பேருக்குப் பிழிய வேண்டாம். மாவைக் கொதிதண்ணீர் காணுமளவு விட்டு இளக்கமாகக் குழையுங்கள். உரலைத் தணிவான மேசையில் வைத்து, எழுந்து நின்று, மணிக்கட்டை மடிக்காமல் நேராக வைத்து, தோளின் பாரத்தால் அமத்துங்கள். நாலு பிழிந்து, கையை விரித்து, மீண்டும் நாலு. சோற்றுப் பானையைச் சரித்து வடிக்காதீர்கள். அகப்பையால் வடிதட்டுக்கு அள்ளுங்கள். கத்திப்பிடிக்கும் கரண்டிக்கும் துணி சுற்றித் தடிப்பாக்குங்கள்; மெல்லிய பிடியை இறுக்கிப் பிடிப்பதுதான் விரலைக் கெடுக்கிறது. வாளியை அரைவாசி நிரப்புங்கள், இரண்டு தரம் போங்கள். பையை விரலில் தொங்கவிடாமல் முழங்கையில் போடுங்கள். வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வேலையைப் பறிக்காதீர்கள், வேலையின் பாரத்தைப் பங்குபோடுங்கள். தேங்காய் திருவ வேண்டாம் என்றால் புட்டுக் குழைக்கவாவது விடுங்கள்.

ரொறன்ரோத் தோழியின் கதை வேறு. அவளுக்குக் கையில்லை, நாரி. இருபத்தேழு வயதில், முதல் பிள்ளை பிறந்த அடுத்த வருடம், விடியப்புறம் மூன்று மணிக்கு நாரி இறுகி எழுப்பும். படுத்திருந்தால் கூடும், எழும்பி அடுக்குமாடி நடைவழியில் பனிக்காலத்திலும் முன்னும் பின்னும் நடந்தால் குறையும். ‘பிள்ளைப்பேற்று நாரிநோ, பத்தியம் சரியாகக் காக்கவில்லை’ என்று ஊரிலிருந்து தொலைபேசியில் சொன்னோம். அங்கே போன இடங்களிலும் படுத்து ஆறச் சொன்னார்கள். பதினொரு வருடம். கடைசியில் ஒரு கண் சிவந்து நொந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போனபோது, கண் வைத்தியர்தான் “உனக்கு நாரி நோகிறதா?” என்று கேட்டார். முள்ளந்தண்டை இறுக்குகிற அழற்சி வாதம் இது. அங்கைலோசிங் ஸ்பொண்டிலைற்றிஸ் என்பது பெயர். வாலிப வயதில் தொடங்குவது. ஆண்களின் நோய் என்று நெடுங்காலம் நினைத்திருந்ததால் பெண்களுக்குக் கண்டுபிடிக்க இன்னும் தாமதமாகிறது. ஓய்வில் கூடி நடையில் குறைகிற நாரி நோ என்றால், அதுவும் 45 வயதுக்கு முன் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நின்றால், தயவுசெய்து இந்தப் பெயரைச் சொல்லி வைத்தியரிடம் கேளுங்கள்.

இந்த நோயில் பயிற்சி இல்லாவிட்டால் முள்ளந்தண்டு குனிந்த நிலையிலேயே இறுகிப் போகலாம். அவள் தினமும் காலை 15 நிமிடம் தலையணை இல்லாமல் குப்புறப் படுக்கிறாள். பிறகு குதிக்கால், முதுகு, பின்னந்தலை மூன்றும் படச் சுவரோடு நிற்கிறாள். நெஞ்சுக்கூடு இறுகாமல் இருக்க ஆழ்ந்த மூச்சு. கிழமைக்கு இரண்டு நாள் நீச்சல். நீச்சல் உடுப்புப் போட வெட்கப்பட்டு ஒரு வருடத்தை வீணாக்கியதாகச் சொல்கிறாள். நாங்கள் நீச்சல் பழகாத தலைமுறை. தங்கைமாரே, நீங்கள் பழகுங்கள்.

பயிற்சி என்றதும் எல்லாவற்றையும் எல்லோரும் செய்யலாம் என்று நினைத்துவிடக் கூடாது. மூட்டு சிவந்து சூடாகிப் பொங்கியிருக்கும் நாட்களில் பலப் பயிற்சியை நிறுத்திவைத்து, மூட்டை மெதுவாக அதன் எல்லை வரை கொண்டுபோய் வருவதும், அசையாமல் தசையை மட்டும் இறுக்கி விடுவதும் போதும். மற்ற நாட்களில் ஓர் அளவுகோல் உண்டு: பயிற்சியால் கூடிய நோ இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகும் நின்றால், அடுத்த முறை குறையுங்கள், நிறுத்தாதீர்கள். நாட்பட்ட முடக்குவாதக்காரரின் கழுத்தை யாரும் திருகி நெட்டி முறிக்கக் கூடாது. அந்த நோய் கழுத்தின் மேல் எலும்புகளைத் தளர்த்தியிருக்கலாம். கழுத்து நோவோடு கை விறைத்தாலோ, காய்ச்சலோடு ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரென்று சூடாகி வீங்கினாலோ, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மருந்தைப் பற்றி இரண்டே சொல். பயிற்சி மருந்துக்குப் பதில் அல்ல. மெதொட்ரெக்சேற் கிழமைக்கு ஒரு தரம் எடுக்கிற மருந்து. தவறித் தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பம் தரிக்க நினைப்பவர்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். பெயர் எழுதாத பொட்டலத்தில் வருகிற ‘வாதக் குளிசை’ இரண்டு நாளில் அற்புதமாகச் சுகம் தந்தால் சந்தேகப்படுங்கள். அதற்குள் ஸ்ரெரொயிட் இருக்கக்கூடும். நெடுநாள் எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

கல்லூரிக்கும் ஒரு வார்த்தை. 16 வயதுக்கு முன்பே, கைக்குழந்தைக்குக்கூட, இந்த அழற்சி வாதம் வருவதுண்டு. காலைக் கூட்டத்தில் நிலத்தில் இருந்து எழும்பக் கஷ்டப்படுகிற பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். பெற்றோர் கடிதம் கொண்டுவந்தால் விளையாட்டுப் பாடத்திலிருந்து முழுதாக விலக்கியும் விடாதீர்கள். பெண்பிள்ளை என்பதால் நோயை மறைக்கிற வீடுகள் இன்னமும் இருக்கின்றன. கலியாணப் பேச்சுக் குழம்பும் என்று கிளினிக் போகாமல் இருந்து, கலியாணம் முடிந்த பிறகு மருந்தை ஒளித்து ஒளித்து எடுத்து, கடைசியில் அதையும் விட்டவர்களை ஆஸ்பத்திரித் தோழி பார்த்திருக்கிறாள். முதல் ஒன்றிரண்டு வருடத்தில் சிகிச்சை தொடங்கினால் காப்பாற்றக்கூடிய மூட்டுகள் அவை.

நாங்கள் படித்தபோது இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன் ஒரு மாதம் வெயிலில் ட்றில் பழக்கினார்கள். ‘கை மேலே, பக்கம், முன்னே, கீழே’ என்று. ரீச்சரும் ஆஸ்பத்திரிக்காரியும் அதற்கு ஒளித்து ஆய்வுகூடத்துக்குப் பின்னால் இருந்தவர்கள். பிற்பாடு படிக்கும்போதுதான் தெரிந்தது, அந்த ட்றிலுக்கும் இயன்மருத்துவத்துக்கும் மூதாதை ஒருவரே என்று. சுவீடனில் பெர் ஹென்ரிக் லிங் என்பவர் 1813 இல் தொடங்கிய உடற்பயிற்சிக் கல்லூரியிலிருந்து ஒரு கிளை பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு கிளை வைத்தியத்துக்கும் போனது. 1894 இல் இலண்டனில் பெண்கள் நால்வர் ஒரு சங்கம் தொடங்கினார்கள். தாதியராக இருந்த அவர்கள், தங்கள் தொழிலின் மானத்தைக் காப்பாற்றத் தொடங்கிய அந்தச் சங்கம்தான் இன்றைக்கு இலண்டன் தோழி அங்கத்தவராக இருக்கும் பிரித்தானிய இயன்மருத்துவர் சங்கம். நால்வர் என்பதில் எங்களுக்கு ஒரு சின்னப் பெருமை. ட்றில் பழக்கிய எங்கள் ஆசிரியை இன்று முன்வரிசையில் இருக்கிறார். ரீச்சர், அன்றைக்கு ஒளித்ததற்கு இருவர் சார்பிலும் மன்னிப்புக் கேட்கிறோம்.

ஐரோப்பிய வாதநோய்ச் சங்கங்களின் கூட்டமைப்பு 2018 இல் வெளியிட்ட பரிந்துரைகளில், உடற்பயிற்சி இந்த நோயாளிகளின் வழமையான சிகிச்சையில் ஒரு பகுதியாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. எல்லோருக்கும் சொல்லப்படுகிற அளவுதான் இவர்களுக்கும்: கிழமைக்கு 150 நிமிடம் மூச்சு வாங்க நடப்பதோ சைக்கிள் ஓடுவதோ, அதோடு இரண்டு நாள் பலப் பயிற்சி. இந்த நோய் இதயத்தையும் தொடுகிறது என்பதால் அந்த நடை மூட்டுக்காக மட்டுமல்ல.

வைத்தியரிடமிருந்து இயன்மருத்துவப் பகுதிக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். அவர்கள் எழுத மறந்தால் நினைவுபடுத்துங்கள். தூர இடத்தில் இருப்பவர்கள் மாதம் ஒரு முறை வந்து பழகி, வீட்டில் செய்யலாம்.

தேத்தண்ணீர் இடைவேளைக்குப் பிறகு மண்டபத்தின் இடப்பக்க விறாந்தையில் இரண்டு மேசை போட்டிருக்கிறோம். ஒன்றில் ஆஸ்பத்திரித் தோழியும் இலண்டன் தோழியும் இருப்பார்கள்; கையைக் காட்ட விரும்புபவர்கள் அங்கே வரலாம். ரொறன்ரோக்காரி சுவரோரமாக நிற்பாள். அவளோடு போய் முதுகை அளந்து பாருங்கள். மற்ற மேசையில் ஒரு சட்டி மா, ஓர் இடியப்ப உரல், துணி சுற்றிய கத்தி, ஐந்து கொக்கான் கல்லு. அந்த மேசைக்குப் பொறுப்பு ரீச்சர். சென்ற கிழமை பேத்தியிடம் தோற்றுவிட்டு வந்திருக்கிறாள். இன்றைக்கு யாரையாவது வெல்ல வேண்டும் என்று காத்திருக்கிறாள்.